ரொறன்ரோவில் இப்ப எத்தனை மணி?

மகன் ரொறன்ரோவில், மகள் லண்டனில். நான் கோல் எடுக்கிற நேரமெல்லாம் அவர்களுக்கு நித்திரை. இரண்டு ஊர் நேரத்தையும் போன் முகப்பிலேயே பார்க்க வழி உண்டோ?
*வாசகி, சாவகச்சேரி*

உண்டு அம்மா. விட்ஜெட் என்பது அதற்குத்தான்: செயலியைத் திறக்காமலே தகவல் காட்டும் சின்னப் பெட்டி. அன்ட்ரொயிட் போன் என்றால் முகப்பில் வெறுமையான இடத்தை அழுத்திப் பிடியுங்கள். 'விட்ஜெட்' என்று வரும். அதில் கடிகாரத்தின் உலக நேரத்தை எடுத்து, இரண்டு ஊரையும் சேருங்கள். ஐபோன் முகப்புக்கு இந்த வசதி 2020இல்தான் வந்தது.

மனக்கணக்கை நம்பாதீர்கள். இலங்கை மணி மாறாது. ரொறன்ரோ மார்ச்சிலும் நவம்பரிலும் மாறும். இங்கே இரவு 8 மணி என்றால், அங்கே கோடையில் காலை 10.30, குளிர்காலத்தில் 9.30. லண்டன் மாறுவது வேறு நாட்களில். விட்ஜெட் தானாகவே திருத்திக்கொள்ளும்.