பாட்டி கட்டிய விளக்குமாறு

இந்த மாதப் பாடம் அபரிக்கிரகம். பேர் பெருசா இருக்கேன்னு பக்கத்தைத் திருப்பிடாதீங்க. பதஞ்சலியின் யோக சூத்திரம் சொல்லும் ஐந்து இயமங்களில் கடைசி இது. அகிம்சை, சத்தியம், களவாமை, பிரம்மச்சரியம், அதற்கடுத்து அபரிக்கிரகம். தேவைக்கு மேல் பொருள் சேர்க்காமை என்று பொருள். 1930-இல் எரவாடா சிறையில் இருந்த காந்தியடிகள், ஆசிரமத்தாருக்கு விரதங்களைப் பற்றி வாராவாரம் கடிதம் எழுதினார். அதில் இதைக் களவாமையோடு சேர்த்துத்தான் விளக்குகிறார். திருடாத பொருளே ஆனாலும், தேவையில்லாமல் வைத்திருந்தால் அது திருடினது மாதிரிதான் என்பது அவர் கருத்து.

வகுப்பில் இதைச் சொன்னப்போ ஒரு தம்பி கேட்டான்: "அண்ணே, அப்ப போனை வித்துடணுமா?" எனக்கு உடனே பதில் வரல. வீட்டுக்குப் போய் யோசித்தப்போ, சமையற்கட்டுக்குப் பின்னால் சாய்ந்து கிடந்த ஈர்க்கு விளக்குமாறு கண்ணில் பட்டது. மலாய்க்காரர்கள் பெஞாப்பு லிடி என்பார்களே, அதுதான். பாட்டி கட்டியது.

பாட்டி பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டத்தில் இருந்தவரை விளக்குமாறு காசு கொடுத்து வாங்கினதே இல்லையாம். நான் இடைநிலைப் பள்ளியில் படிக்கும்போது நண்பர்கள் வீட்டுக்கு வந்தால் அந்த விளக்குமாற்றை எடுத்து ஒளித்து வைப்பேன். பிளாஸ்டிக்கில் ஒன்று வாங்குங்கன்னு அம்மாவை நச்சரித்து வாங்க வைத்ததும் நான்தான். அதற்கப்புறம் எத்தனை பிளாஸ்டிக் விளக்குமாறு குப்பைக்குப் போச்சு என்று கணக்கே இல்லை. பாட்டியோடது அப்படியே இருக்கு.

இப்போ பாட்டிக்கு விரல் மடங்குவதில்லை. இனி அவரால் கட்ட முடியாது. வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. அதனால் போன செமஸ்டர் விடுமுறையில் கற்றுக்கொடுங்கன்னு போய் உட்கார்ந்தேன்.

வேலை இதுதான். தென்னை மட்டை ஒன்றில் 200-க்கும் மேல் இலைகள் இருக்கும். ஒவ்வொரு இலைக்கும் நடு நரம்புதான் ஈர்க்கு. சின்னக் கத்தியை ஈர்க்கோடு ஒட்டி வைத்து, அடியிலிருந்து நுனிக்கு ஒரே இழுப்பு. பிறகு மறுபக்கம். கீழேயும் நுனியிலும் உள்ள இலைகளில் ஈர்க்கு குட்டையாக இருக்கும், அவற்றைக் கழிக்கணும். எங்களுக்கு ஒரு விளக்குமாற்றுக்கு இரண்டு மட்டை தேவைப்பட்டது. நல்ல வளர்ந்த மரம் மாதத்துக்குச் சுமார் ஒரு மட்டையைத் தானாகவே உதிர்க்கும். மரத்தை வெட்ட வேண்டியதில்லை. தென்னை கிடைக்காதவங்க செம்பனை ஈர்க்கிலும் கட்டலாம். குலை அறுக்கும்போது வெட்டிப் போடும் மட்டைகள் தோட்டத்தில் வரிசைக்கு நடுவே குவிந்துதானே கிடக்கு?

நான் பொறியியல் மாணவன் என்ற திமிரில் அன்றைக்கே கட்டினேன். கட்டுவதற்குப் பாட்டி பழைய சைக்கிள் டியூப்பை நாடாவாக வெட்டி வைத்திருந்தார். எதுக்கு பாட்டி இதெல்லாம்னு சொல்லி, கேபிள் டை மூன்றை இறுக்கிப் போட்டேன். பார்க்க அழகா இருந்தது. பாட்டி ஒன்றுதான் சொன்னார்: "காயாத ஈர்க்கக் கட்டுனா உருவிக்கும்டா."

ஒரு வாரத்தில் உருவிக்கொண்டது. வாசல் கூட்டும்போது ஈர்க்கு ஒவ்வொன்றாக நழுவி, கூட்டின இடமெல்லாம் குப்பை!

காரணம் என் பாடப்புத்தகத்திலேயே இருந்தது. பச்சை ஈர்க்கில் நீர் இருக்கு. காயக் காய அது மெலியும். நூறு இருநூறு ஈர்க்கும் கொஞ்சம் கொஞ்சம் மெலிந்தால் மொத்தக் கட்டும் தளர்ந்துவிடும். கேபிள் டை ஒருமுறை இறுகினால் இறுகியதுதான், கட்டு மெலியும்போது கூடவே சுருங்காது. டியூப் ரப்பர் இழுத்துக் கட்டியதால் சுருங்கிக்கொண்டே பிடிக்கும். அதோடு, தடித்த அடி பிடியிலும் மெல்லிய நுனி தரையிலும் இருப்பதால் ஈர்க்கு வளையும், சுலபத்தில் ஒடியாது. ரொம்ப நாள் கழித்துத் தளர்ந்தாலும் தூக்கிப் போட வேண்டாம். அடிப்பக்கத்தின் நடுவில் ஒரு மர ஆப்பு அடித்தால் மறுபடி இறுகும். தேய்ந்து முடிந்தால் மண்ணுக்கே போகும், அந்த ரப்பர் நாடாவைத் தவிர.

இரண்டாவது தடவை மூன்று நாள் வெயிலில் காயவைத்துக் கட்டினேன். பாட்டி தூக்கி, அடியைத் தரையில் நாலு தட்டுத் தட்டி, "பரவால்ல" என்றார். எனக்கு அது டிஸ்டிங்ஷன்.

தம்பியின் கேள்விக்கு வருகிறேன். போனை விற்க வேண்டாம். 'எளிமை' என்று பேர் போட்டு விற்கும் மூங்கில் சாமான்களை இணையத்தில் வாங்கிக் குவிக்கிறோமே, அதுவும் சேர்ப்புதான் என்பது என் எண்ணம். கையால் ஒன்றைச் செய்தவன் அடுத்ததை வாங்கும் முன் கொஞ்சம் யோசிப்பான். எனக்கு அப்படித்தான் ஆச்சு. பஞ்சு உருட்டித் திரி போடுவது, கொட்டாங்குச்சியில் அகப்பை செய்வது, இவையும் இதே வகைதான். உங்க வீட்டில் யாருக்குத் தெரியும்னு இந்த வாரமே கேளுங்க. அவங்க கை மடங்கும்போதே கேளுங்க.

அடுத்த வகுப்புக்கு ஆளுக்கு இரண்டு மட்டை ஈர்க்கு, சீவிக் காயவைத்துக் கொண்டு வரணும். பழைய டியூப் கிடைத்தால் அதுவும். கேபிள் டை வேண்டாம். பாட்டியை அழைத்து வருகிறேன். கட்டை அவர்தான் பார்ப்பார்.