சின்ன விமானம் யாரை நம்பிப் பறக்கிறது?

கேள்வி: என் மகன் துபாயில் வேலை பார்க்கிறான். லீவு முடிந்து திரும்பும்போது தூத்துக்குடியின் வாகைக்குளம் விமானநிலையத்தில் ஏறி, சென்னை வழியாகப் போகலாம் என்கிறான். இரண்டு கம்பெனியில் தனித்தனியாக டிக்கெட் எடுத்தால் விலை குறைகிறதாம். ஆனால், சின்ன விமானம் ஓட்டுகிற கம்பெனிகள் பெரிய கம்பெனிகளை அண்டித்தான் பிழைக்கின்றன, பெரியவர் கைவிட்டால் சேவையே நின்றுபோகும் என்கிறார்கள். உண்மையா? நாங்கள் அதை நம்பிப் பயணம் வைக்கலாமா?
- வாசகர், ராதாபுரம்

பதில்: நீங்கள் கேள்விப்பட்டது பெரும்பாலும் உண்மை. ராதாபுரத்திலிருந்து வள்ளியூர் போகிற பஸ்ஸில் ரயிலைப் பிடிக்கிறவர்கள் பலர் இருப்பார்கள். ரயில் நிற்காவிட்டால் பஸ்ஸிலும் கூட்டம் குறையும். சின்ன விமானத்தின் நிலையும் அதுதான். ஏடிஆர் 72 ரக விமானத்தில் 70 முதல் 78 பேர் வரை போகலாம். 80 இருக்கைக்குக் குறைவான உள்நாட்டு விமானங்களுக்கு இறங்கு கட்டணம் கிடையாது. 40 டன்னுக்குக் குறைந்த எடையுள்ளவற்றுக்கு எரிபொருள் வரியும் குறைவுதான். இத்தனை சலுகை இருந்தும், சென்னையோடு பயணத்தை முடிக்கிறவர்களை மட்டும் வைத்துத் தினமும் இருக்கைகளை நிரப்புவது கடினம். சென்னையில் விமானம் மாறித் துபாய்க்கும் டெல்லிக்கும் போகிற தொடர்பயணிகளும் ஏறியாக வேண்டும். அவர்களுக்கு டிக்கெட் விற்கும் வலிமை பெரிய கம்பெனியிடம் இருக்கிறது.

பெரிய கம்பெனியும் சின்ன கம்பெனியும் சேரும் கூட்டு பல வகைப்படும். ஒன்றில், பெரிய கம்பெனி தன் விமான எண்ணைப் போட்டுச் சின்ன விமானத்தின் இருக்கையை விற்கும். வரும் பணத்தை இருவரும் பங்கிட்டுக்கொள்வார்கள். இதற்கு 'கோட்ஷேர்' என்று பெயர். அமெரிக்காவில் பரவலாக உள்ள முறையில், சின்ன கம்பெனி விமானத்தையும் விமானிகளையும் தந்து பறந்து கொடுத்தால் போதும். டிக்கெட் விற்பதும், எரிபொருள் செலவை ஏற்பதும் பெரியவர் பொறுப்பு. இருக்கை காலியாகப் போனாலும் பறந்ததற்குக் கூலி உண்டு. ஒப்பந்தம் போனால் எல்லாமே போய்விடும். யுனைடெட் கம்பெனிக்காகப் பறந்துவந்த எக்ஸ்பிரஸ்ஜெட்டுக்கு அதுதான் நடந்தது. 2020-ல் யுனைடெட் அந்த வேலையை வேறொரு கம்பெனிக்குக் கொடுத்ததும், செப்டம்பர் இறுதியில் எக்ஸ்பிரஸ்ஜெட் பறப்பதை நிறுத்தியது.

நம் நாட்டில் இதற்குச் சரியான உதாரணம் அலையன்ஸ் ஏர். 1996-ல் இந்தியன் ஏர்லைன்ஸின் துணை நிறுவனமாகத் தொடங்கி, பின்னர் ஏர் இந்தியா குடும்பத்துக்குள் வந்தது. அதன் டிக்கெட்டுகள் ஏர் இந்தியா எண்ணிலும் விற்றன. 2022 ஜனவரியில் ஏர் இந்தியா டாடா கைக்குப் போனபோது, அலையன்ஸ் ஏர் அரசிடமே நின்றுவிட்டது. அதே ஆண்டு ஏப்ரல் முதல் தன் சொந்த எண்ணில், தானே டிக்கெட் விற்க வேண்டியதாயிற்று. சிறு ஊர்களை விமானத்தால் இணைக்கும் அரசின் உடான் திட்டத்தில் சிறு ஊர்களுக்கும், சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கும் பறந்த கம்பெனி அது. அப்படிப்பட்ட சேவையைத் துணையில்லாமல் தனியே விட்டது சரியான முடிவு என்று எனக்குத் தோன்றவில்லை. உடானில் அரசு தரும் மானியம் ஒரு வழித்தடத்துக்கு மூன்று ஆண்டுதான். அதற்குப் பிறகு சேவையைத் தாங்கப் போவது தொடர்பயணிகள்தான்.

வாகைக்குளமும் இந்த அனுபவத்தைக் கண்டிருக்கிறது. அங்கு பறந்த ஏர் டெக்கானை கிங்பிஷர் வாங்கிக்கொண்டது. கிங்பிஷர் கடனில் மூழ்கி, 2012 அக்டோபரில் அதன் உரிமமும் முடக்கப்பட்டது. ஒரு கம்பெனியின் கடன் நம் ஊர்ச் சேவையையும் சேர்த்து இழுத்துப்போனது. நல்லவேளையாக, ஸ்பைஸ்ஜெட்டும் இண்டிகோவும் வந்தன. இண்டிகோ சின்ன கம்பெனி யாரையும் அமர்த்தாமல், ஏடிஆர் விமானங்களைத் தானே ஓட்டுகிறது. இதில் ஒப்பந்தம் முறியும் அபாயம் இல்லை. ஆனாலும் இந்த விமானத்தை வேறு ஊருக்குத் திருப்பலாமா என்ற முடிவு நம் கையில் இல்லை.

ஆகவே ஒரு விமானநிலையத்துக்கு நிஜமான பாதுகாப்பு, ஒன்றுக்கு மேற்பட்ட கம்பெனிகள் வருவதுதான். அதற்கான வழி இப்போது திறந்திருக்கிறது. வாகைக்குளத்தின் ஓடுபாதை 1,350 மீட்டரிலிருந்து 3,115 மீட்டராக நீண்டிருக்கிறது. புதிய முனையம் 2025 ஜூலையில் திறக்கப்பட்டது. இனி பெரிய ஜெட் விமானங்களும் இறங்கலாம். நெல்லை, தூத்துக்குடி மக்களும் வணிகர் சங்கங்களும் வெறுமனே "இன்னொரு விமானம் விடுங்கள்" என்று கேட்டால் போதாது. வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் ஒரே டிக்கெட்டில் போகும் இணைப்பைக் கேட்க வேண்டும். ஏறுகிற பயணிகளில் தொடர்பயணிகள் கூடக்கூடச் சேவை வேர்விடும்.

உங்கள் மகன் விஷயத்துக்கு வருகிறேன். தனித்தனி டிக்கெட் வேண்டாம். வாகைக்குளம் விமானம் தாமதமானால், துபாய் விமானத்தின் கணக்கில் அவர் வராத பயணி. அந்தப் பணம் பெரும்பாலும் போனதுதான். பெட்டியையும் சென்னையில் எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். ஒரே பிஎன்ஆர் எண்ணில் இரண்டு பயணமும் இருந்தால், அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும் பொறுப்பு கம்பெனியுடையது. டிக்கெட்டில் உண்மையில் விமானத்தை இயக்குவது யார் என்று அச்சிட்டிருப்பதையும் பாருங்கள். ஒரே டிக்கெட் கிடைக்கவில்லை என்றால், திருவனந்தபுரத்திலிருந்து துபாய்க்கு நேர் விமானம் இருக்கிறது, அதுவே நல்லது. வேலைக்குத் திரும்ப வேண்டிய தேதி தவறக் கூடாது என்றால், மிச்சமாகும் பணத்துக்காக அந்த அபாயத்தை ஏற்காதீர்கள்.