பிரிவதென்று முடிவான பிறகு: சில பயனுள்ள குறிப்புகள்

திருச்சி மாவட்டத்தில் உப்பிலியபுரம் பக்கம் ஒரு தம்பதி பிரிவதென்றால் முதலில் இரு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசுவார்கள், கோர்ட்டு பிறகுதான். பேசுவதில் தவறில்லை. பேசி முடித்ததைச் சட்டம் ஏற்கும் தாளாக மாற்றாமல் விடுவதுதான் பின்னால் வம்பு. இந்து திருமணச் சட்டம் 1955-ன்படி மணந்தவர்களை நினைத்து எழுதியவை இவை; மற்ற மதத்தாருக்குச் சில விதிகள் மாறும்.

1. பத்திரத் தாளில் 'இனி ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லை' என்று எழுதி, சாட்சிகளோடு கையெழுத்துப் போட்டால் விவாகரத்து ஆகிவிடாது. நோட்டரி முத்திரை குத்தினாலும் ஆகாது. சமூக வழக்கப்படி தீர்த்துவிடும் முறையைச் சட்டத்தின் 29(2) பிரிவு ஏற்கிறது என்பது உண்மை. ஆனால் அந்த வழக்கம் தங்கள் சமூகத்தில் நெடுங்காலமாக இருப்பதை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. முடியாவிட்டால், அந்தத் தாளை நம்பிச் செய்த மறுமணமே செல்லாது. ஏதுமறியாமல் இரண்டாவதாக வந்த பெண்ணும் சேர்ந்து அவதிப்படுவாள். பஞ்சாயத்தில் பேசியதையே நிபந்தனைகளாக எழுதி, பரஸ்பர சம்மத மனுவாகப் போட்டுவிடுங்கள்.

2. பரஸ்பர சம்மதத்துக்கு (13பி பிரிவு) ஓராண்டு பிரிந்திருக்க வேண்டும். வீடு ஒன்றாக இருந்தாலும் கணவன் மனைவியாக வாழாவிட்டால் பிரிவுதான் என்று 1991இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மனு போட்டபின் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். தகுந்த காரணமிருந்தால் கோர்ட்டு இதைத் தளர்த்தலாம் என்பது 2017 தீர்ப்பு. இறுதி உத்தரவுக்கு முன் யாரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். அதனால் பேசி முடித்த ஜீவனாம்சத் தொகையில் பாதியை மனு போடும்போதும் மீதியை இறுதி நாளிலும் டிடியாகக் கொடுங்கள். ரொக்கம் வேண்டவே வேண்டாம்.

3. சீதனம் பெண்ணின் தனிச்சொத்து என்று 1985இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாமியார் பீரோவில் இருந்தாலும் அவளுடையதுதான். கல்யாணத்தன்று சீர் எழுதிய நோட்டு, நகைக்கடை பில், ஆல்பம் மூன்றையும் தேடி எடுங்கள். ஆல்பத்தில் கழுத்திலும் கையிலும் தெரியும் ஒவ்வொரு நகைக்கும் எதிரே சவரனை எழுதிப் பட்டியல் போடுங்கள். பாதி நகை கூட்டுறவுச் சங்கத்தில் அடகில் இருக்கும். சீட்டு யார் பெயரில், மீட்கும் செலவு யாருடையது என்பதையும் ஒப்பந்தத்தில் சேருங்கள். இதில் கூச்சப்பட்டவர்கள்தான் பெரும்பாலும் நகையை இழக்கிறார்கள்.

4. விவாகரத்தானால் சொத்தில் பாதி மனைவிக்கு என்ற விதி இந்து திருமணச் சட்டத்தில் இல்லை. பத்திரம் யார் பெயரிலோ, சொத்து அவருடையது. ஆனால் ஜீவனாம்சத் தொகையை முடிவு செய்யும்போது கணவரின் சொத்தையும் கோர்ட்டு பார்க்கும். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். தகராறு வந்தபின் தம்பி பெயருக்கு மாறிய காடு இருந்தால் தெரிந்துவிடும். மனைவி பெயருக்கு நிலம் எழுதுவதாக இருந்தால் தீர்ப்புக்கு முன்பே செட்டில்மென்ட் பத்திரம் பதியுங்கள். குடும்பத்தாருக்கு எழுதினால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதற்கும் உச்சவரம்பு உண்டு; விற்பனை என்றால் 7 சதவீதம்.

5. சின்ன வெங்காயம், மரவள்ளி விற்ற காசுக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. 'எனக்கு வருமானமே இல்லை' என்று சொல்லிவிட இது வசதி. மண்டிச் சீட்டு, பாஸ்புக், பயிர்க்கடன் அட்டை, சிட்டா நகல் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் சொத்து, கடன் விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்பது 2020 நவம்பரில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. மனு போட்ட தேதியிலிருந்தே தொகையைக் கணக்கிட வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஆகவே மனுவைத் தள்ளிப்போடாதீர்கள்.

6. கடனை நீங்கள் எப்படிப் பிரித்துக்கொண்டாலும் அது வங்கியைக் கட்டுப்படுத்தாது. கூட்டாக வாங்கியிருந்தால் இருவரையும் கேட்பார்கள். கணவருக்காக மகளிர் குழுவில் வாங்கிய கடனும் மனைவி தலையில்தான். கடனை முடித்துத் தடையில்லாச் சான்று வாங்கியபின் கடைசிக் கையெழுத்தைப் போடுங்கள்.

7. ஐந்து வயது நிறையாத குழந்தை பொதுவாகத் தாயிடம் இருக்கும். 'பிள்ளைக்கும் ஒன்றும் வேண்டாம்' என்று ரோஷத்தில் எழுதிக்கொடுக்காதீர்கள். பராமரிப்புத் தொகை பிள்ளையின் உரிமை. விட்டுக்கொடுக்கத் தாய்க்கு அதிகாரமில்லை.

8. எல்ஐசி, பி.எஃப்., வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் நாமினியை மாற்றுங்கள். தீர்ப்பு வந்ததும் தானாக மாறாது. குடும்ப அட்டையும் அப்படித்தான்.

9. எதிர்த்து நடந்த வழக்கென்றால் மேல்முறையீட்டுக் காலம் கழியாமல் மறுமணத்துக்கு நாள் பார்க்காதீர்கள்.

10. மனைவி தான் இப்போது வசிக்கும் எல்லையிலேயே மனு போடலாம். 2003 திருத்தம் தந்த உரிமை இது. பிறந்த வீடு திருச்சி மாவட்டத்தில் இருந்தால், கணவர் சென்னையில் இருந்தாலும் அலைய வேண்டியதில்லை. வக்கீலுக்குக் காசில்லையே என்று நிற்காதீர்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்கு அழைத்தால் போதும்.