மடியில் கிடத்திய கிடார்

கொடைக்கானல்

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பண்ணைக்காட்டிலிருந்து வத்தலக்குண்டு வரைக்கும் விசாரித்துப் பார்த்தும் ஸ்டீல் கிடார் சொல்லித்தர ஒருவரும் இல்லை, வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டால் போதாதா என்று கேட்டிருக்கிறாய். கை வைக்கும் விதத்தை வீடியோவில் பார்த்துக்கொள்ளலாம், தாயி. காதைப் பழக்குவதற்கு ஓர் ஆசான் வேண்டும். பக்கத்தில் அப்படி ஒருவர் இல்லாதபோது இசைத்தட்டில் இருப்பவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். நான் அப்படிப் பிடித்துக்கொண்டவர் பிரிஜ் பூஷண் காப்ரா. 2018 ஏப்ரலில் அகமதாபாத்தில் காலமானார். நம் மலையில் கடைசியாகக் குறிஞ்சி பூத்த வருடம் அது. நீ அப்போது மூன்றாவதோ நாலாவதோ படித்துக்கொண்டிருந்தாய். அவரை நான் நேரில் கண்டதில்லை. ஆனாலும் செய்தி வந்த அன்று வீட்டுப் பெரியவர் ஒருவரை இழந்த துக்கம் எனக்கு இருந்தது.

அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால், உன் மடியில் கிடக்கும் வாத்தியம் வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹவாய்த் தீவுகளில் ஜோசப் கெக்குக்கு என்ற இளைஞர், கிடாரை மடியில் மல்லாத்தி வைத்து, தந்திகளின்மேல் உருக்குத் துண்டை நகர்த்தி வாசிக்கும் முறையை வளர்த்தெடுத்தார். 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த உலகக் கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்கா முழுவதும் அந்த ஒலிக்கு மயங்கியது. 1940களில் டாவ் மோ என்ற ஹவாய் இசைக்கலைஞர் குடும்பத்தோடு கல்கத்தாவில் தங்கி வாசித்தார், சொல்லியும் கொடுத்தார். வங்காளத்தில் வீட்டுக்கு வீடு ஹவாயன் கிடார் புகுந்தது. பழைய இந்தி சினிமாப் பாட்டுகளில் இழைந்து இழைந்து வரும் கிடார் ஒலியைக் கொடை பண்பலையில் நீயே கேட்டிருப்பாய்.

காப்ரா ஜோத்பூரில் 1937இல் பிறந்தவர். அப்பா சிதார் பயின்றவர், அண்ணன் தாமோதர்லால் சரோத் கலைஞர். இவரோ நிலவியல் படித்தார். கல்கத்தாவில் ஹவாயன் கிடாரைக் கேட்டு மனதைப் பறிகொடுத்தபோது, வீட்டில் அதை அந்நிய வாத்தியமாகத்தான் பார்த்தார்கள். வாசிப்பதானால் நம் சாஸ்திரிய சங்கீதத்தை மட்டும் அதில் வாசிக்க வேண்டும் என்று அப்பா கேட்டுக்கொண்டதை மகன் ஏற்றார். அந்த வாக்கு அவரை ஒடுக்கவில்லை என்பது என் உறுதியான கருத்து. சினிமாப் பாட்டு, நடன இசை என்று எல்லாக் கதவும் திறந்திருந்த காலத்தில் ஒரே கதவு வழியாக அவர் வெகுதூரம் உள்ளே போனார். நீ எழுதிய பட்டியலைப் பார்த்தேன்: ஆலயப் பாட்டு, ப்ளூஸ், இளையராஜா, கர்நாடக ராகம், எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் வாசிக்க ஆசைப்படுகிறாய். ஆசை நல்லதுதான். முதல் ஒரு வருடத்துக்கு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்.

அவர் சரோத் மேதை அலி அக்பர் கானிடம் சேர்ந்தது கிடாருக்குக் கிடைத்த பெரிய பேறு. சரோதில் ஃப்ரெட் கிடையாது. வழவழப்பான உலோகத் தகட்டின்மேல் தந்தியை நகத்தால் அழுத்திச் சறுக்கி வாசிப்பார்கள். ஸ்வரத்துக்கு ஸ்வரம் வழுக்கிச் செல்வதையே உயிராகக் கொண்ட அந்த வாத்தியத்தின் மேதையிடம், கையில் உருக்குத் துண்டோடு ஒரு மாணவர் போய் உட்கார்ந்தார். காப்ரா வைத்திருந்தது கிப்சன் சூப்பர் 400. நடன இசைக்குழுவில் எக்காளங்களுக்கு நடுவே காதில் விழ வேண்டும் என்று அமெரிக்காவில் 1934இல் வந்த பெரிய உடம்புக் கிடார் அது. அதன் தலைப்பக்கத்து நட்டை உயர்த்தி, தந்திகளை ஃப்ரெட்டில் படாமல் மேலே தூக்கினார். சுருதிக்கென்று தனித் தந்தி சேர்த்தார். உன் பழைய கிடாருக்கும் இதே வைத்தியம்தான்: நட்டின்மேல் பொருத்தும் உயர்த்தி ஒன்று இசைக்கருவிக் கடைகளில் கிடைக்கும். வாங்கிப் போடு. புதுக் கிடார் இப்போது வேண்டாம்.

1967இல் எச்.எம்.வி. வெளியிட்ட 'கால் ஆஃப் த வேலி' இசைத்தட்டைத் தேடிக் கேள். சந்தூரில் சிவகுமார் சர்மா, புல்லாங்குழலில் ஹரிபிரசாத் சௌராசியா, கிடாரில் காப்ரா. காஷ்மீர் மலையில் ஒரு மேய்ப்பனின் ஒரு நாள், விடியலிலிருந்து இரவு வரை, அதுதான் கதை. விடியலுக்கு ஆஹிர் பைரவ். நம் சக்கரவாகத்துக்கு மிக அருகில் நிற்கும் ராகம். பிறகு நட பைரவ், நமக்கு அது சரசாங்கியின் ஸ்வரங்கள். பீலு, பூப், தேஷ் எல்லாம் வரும், பஹாடியில் முடியும். மலையில் பிறந்த பிள்ளை நீ. பனி விலகுவதற்கு முன்னால் ஒருமுறை, விளக்கணைத்த பிறகு ஒருமுறை கேட்டுப் பார். கிடார் எங்கே பேசுகிறது என்பதைவிட, எங்கே பேசாமல் காத்திருக்கிறது என்பதைக் கவனி. சந்தூர் சிதறிச் சிதறி ஒலிக்கும் வாத்தியம். குழலுக்கு மூச்சு விட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இழுத்துப் பிடித்து நிற்கும் ஒலி கிடாருடையது. அவசரமே இல்லை அதில். விரல் வேகத்தைக் காட்டும் இடங்கள் காப்ராவிடம் உண்டு. ஆனால் எனக்கு அவர் ஆசானாவது ஆலாபனையில், ஒரு ஸ்வரத்திலிருந்து கிளம்பி இன்னொன்றில் போய் உட்காருவதற்கு அவர் எடுத்துக்கொள்ளும் அந்த நிதானத்தில்.

இனிக் கைவேலை. ஸ்டீல் பாரை அழுத்தாதே. அதன் எடையே போதும். தூங்கும் குழந்தையின் நெற்றியில் கை வைப்பதுபோல் வைத்தால் தந்தி முனகாது. பாருக்குப் பின்னால் இடது கையின் மோதிர விரலும் சுண்டுவிரலும் தந்திகளின்மேல் லேசாகக் கிடக்கட்டும். இல்லையென்றால் அந்தப் பக்கத்துத் தந்தியும் சேர்ந்து அதிர்ந்து இரைச்சல் வரும். பார் ஃப்ரெட் கம்பிக்கு நேர் மேலே இருக்க வேண்டும். மடியில் வைத்துப் பக்கவாட்டில் பார்த்தால் கண் ஏமாற்றும்.

கண்ணை நம்ப முடியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. உன் கிடாரில் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை தந்தி 650 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள். முதல் ஃப்ரெட்டுக்குப் போக 36 மில்லிமீட்டர் நகர வேண்டும். பன்னிரண்டாவதிலிருந்து பதின்மூன்றுக்குப் போக 18தான். மேலே போகப் போக இடம் சுருங்குகிறது. கீழே பொறுத்துக்கொள்ளக்கூடிய ஒரு மில்லிமீட்டர் பிழை, மேலே இரண்டு மடங்காகக் காதைக் குத்தும். ஆகவே பார் வைப்பதற்கு முன்னால் அந்த ஸ்வரத்தை வாயால் பாடு. குரல் சரியாக இருந்தால் கை தானாகத் தேடிப் போகும். இதை விட்டுவிட்டு எந்தப் பயிற்சியும் செய்யாதே.

நம் ஊர்க் குளிருக்கு ஒரு வார்த்தை. குளிரில் உருக்குத் தந்தி சுருங்கி இறுகும், சுருதி ஏறும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஈரத்தைக் குடித்து வீங்கும். வத்தலக்குண்டிலிருந்து மலையேறி வந்தால் பெட்டியை உடனே திறக்காமல் அரை மணி நேரம் விட்டுவிடு. கணப்புக்குப் பக்கத்தில் வைக்கவே வைக்காதே. வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் தந்தியைத் துடை. மூடுபனியில் துரு ஏறிய தந்தியில் பார் கரகரவென்றுதான் நகரும்.

மேடையில் ஸ்லைடு கிடாரைப் பார்த்து இது நம்முடையதா என்று யாராவது கேட்டால் தயங்காதே. ஒற்றைத் தந்தியின்மேல் மூங்கில் துண்டை நகர்த்தி வாசித்த ஏகதந்திரியைப் பற்றி 13ஆம் நூற்றாண்டின் சங்கீத ரத்னாகரம் பேசுகிறது. நம் பக்கத்தில், கருங்காலிக் கட்டையை நகர்த்தி வாசிக்கும் கோட்டு வாத்தியத்தைக் கச்சேரிக்குக் கொண்டுவந்த திருவிடைமருதூர் சகாராமராவிடம்தான் செம்மங்குடி சீனிவாச ஐயர் இளமையில் பாட்டுப் பயின்றார். வாத்தியக்காரர் ஒருவர் பாடகரை உருவாக்கினார் என்பதை யோசித்துப் பார். பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள் அதே வாத்தியத்தோடு கலாக்ஷேத்ராவில் ஆசிரியராக இருந்தார். கருங்காலிக் கட்டைக்குப் பதில் உன் கையில் உருக்கு. அவ்வளவுதான் வித்தியாசம். தைப்பூசத்துக்குப் பழனிக்குப் போனால் நாகஸ்வரத்தைக் கவனித்துக் கேள். துளைகள் இருந்தும் அவர்கள் ஸ்வரங்களை ஒட்டி ஒட்டி வாசிப்பதுதான் நீ பாரில் செய்ய வேண்டியது.

காப்ராவுக்குப் பிறகு வழி நிற்கவில்லை. ஜெய்ப்பூர் விஸ்வ மோகன் பட், ரவிசங்கரின் சீடர், மோகன வீணை என்று தன் கிடாரை மாற்றியமைத்து, ரை கூடருடன் வாசித்த இசைத்தட்டுக்கு 1994இல் கிராமி வாங்கினார். கல்கத்தா தேபாஷிஷ் பட்டாச்சார்யா காப்ராவிடம் பல ஆண்டுகள் பயின்றவர். சதுரங்கி என்று தன் கிடாரைத் தானே வடிவமைத்துக்கொண்டார். அவர் வாசிப்பு குருவைவிட வேகமானது, பளபளப்பானது. குருவின் நகலாக ஆகாத சீடர் ஒருவர் அமைந்ததை நான் காப்ராவின் பெருமையில்தான் சேர்ப்பேன்.

உனக்கு முதல் ராகம் மோகனம். 'கால் ஆஃப் த வேலி'யில் பூப் என்று வருவதன் ஸ்வரங்கள் இவைதான், ஐந்தே ஐந்து. திறந்த தந்தியை ஸட்ஜமாக வை. காந்தாரம் நாலாவது ஃப்ரெட்டில் இருக்கிறது என்று கீபோர்டில் பழகிய உன் காது சொல்லும். அந்த இடம் நட்டிலிருந்து 134 மில்லிமீட்டர். தம்புராவோடு இழைந்து நிற்கும் காந்தாரம் 130இல் இருக்கிறது. இந்த நாலு மில்லிமீட்டரைக் காட்டித்தர எந்த ஃப்ரெட்டும் கிடையாது. தம்புரா செயலியைப் போட்டுவிட்டு, பாடி, பாரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் இழுத்து நீயே கண்டுபிடி. அடுத்த கடிதத்தில் வேறு எதுவும் எழுத வேண்டாம். உன் காந்தாரம் எங்கே நின்றது என்று மட்டும் எழுது.

அன்புடன்,
மாமா