வெள்ளிமலையும் அதன்மேல் வாழ்வோரும்

வெள்ளிமலை என்ற பெயரைக் கேட்டவுடன் தமிழ் கற்றோர் நெஞ்சில் எழுவது கயிலையே. பூகோளம் பயில்வோர்க்கு ஆல்ப்ஸ் மலையின் மாட்டர்ஹார்ன் தோன்றினும் தோன்றலாம். கள்ளக்குறிச்சியை அடுத்த நம் வெள்ளிமலையோ சிகரமன்று. கல்வராயன் மலைமேல் அமைந்ததோர் ஊர்.

இவ்வேற்றுமையைச் சற்று ஊன்றி நோக்குவோம். மாட்டர்ஹார்ன் 14,692 அடி உயரமுள்ள கூரிய பாறை. அதற்குரிய ஊராகிய ஸெர்மாட் கீழே பள்ளத்தாக்கில் இருக்கின்றது. உச்சியில் குடியிருப்பார் எவருமிலர். 1865-ஆம் வருஷம் முதன்முதல் அதன் முடியை எட்டிய எழுவருள் நால்வர் இறங்குங்கால் வீழ்ந்து மாண்டனர். அச்செய்தியை உலகம் இன்றும் பேசுகின்றது. கிழக்குத் தொடர்ச்சியைச் சேர்ந்த கல்வராயனோ அகன்ற மேடை போன்றது. சரிவில் ஏறி முடித்தால், ஏறக்குறைய 2,000 முதல் 3,000 அடி உயரத்தில் வயல்களும் ஓடைகளும் சிற்றூர்களும் விரிந்து கிடக்கும். தலைச்சுமையோடு தலைமுறை தலைமுறையாக இதில் ஏறியிறங்கினோர் பெயரை எவரும் எழுதிவைத்திலர்.

அன்னோர் மலையாளிகள் எனப்படுவர். கேரள நாட்டாரென்று மயங்கற்க. மலையில் வாழ்வோர் என்பதே கருத்து. பேசுவது தமிழே. தம் முன்னோர் காஞ்சிபுரத்தினின்று வந்தனர் என்பது அவர்தம் வழிவழிக் கதை. சாமையும் தினையும் விதைத்தும், காட்டிற் கடுக்காயும் தேனும் திரட்டியும் வாழ்ந்தனர். இக்காலத்தில் மரவள்ளியும் பயிரிடுகின்றனர். இம்மலையிற் பிறக்கும் கோமுகியாறு கச்சிராயபாளையத்தருகே அணையில் தேங்கிக் கீழ்நாட்டு வயல்களுக்குப் பாய்கின்றது.

நீர் கீழே இறங்கிற்று; சட்டம் மேலே ஏறத் தாமதித்தது. மலையின் தென்னார்க்காட்டுப் பகுதி சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்னும் பெயர்களையுடைய மூன்று ஜாகீர்களாகப் பிரிந்திருந்தது. குடிகள் ஜாகீர்தார்க்கு வரி செலுத்தினர். கூலியின்றி உழைக்கவும் நேர்ந்தது. 1947-இல் தேசம் விடுதலை பெற்றது. 1948-இல் சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் பிறந்தது. அங்ஙனமிருந்தும் இந்த ஜாகீர்கள் 1976 வரை நிலைத்தன! விடுதலைக்குப் பின் ஒரு குழந்தை பிறந்து வளர்ந்து, தானும் மக்களைப் பெறுங்காலம் அது. சமவெளியில் பள்ளியும் சாலையும் மருத்துவமனையும் பெருகிய அவ்வாண்டுகளே மலைக்குக் கிட்டாமற்போயின.

2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. வெள்ளிமலை இன்று கல்வராயன்மலை வட்டாரத்தின் தலைமையூர். ஆங்கு அரசாங்க அலுவலகங்கள் உள. ஆயினும் 2024-இல் சென்னை உயர்நீதிமன்றம் தானே வழக்கெடுத்து, இம்மலைமக்களின் வாழ்வு குறித்தும் அவர்கட்கு வேண்டிய சாலை முதலிய வசதிகள் குறித்தும் அரசை வினவ வேண்டியதாயிற்று.