ஹெட்செட்டில் ஒலி சரியில்லையா? லினக்ஸ் கணினிக்கு ஒரு சிறு பாடம்

ரிச்சர்ட்ஸ் டவுனில் என் வீட்டு மேசை மேல் ஒரு பழைய மடிக்கணினி இருக்கிறது. அதில் உபுண்டு என்னும் லினக்ஸ் இயங்குதளம் போட்டிருக்கிறேன். ஞாயிறுதோறும் அதன் வழியாகத்தான் மெல்போர்னில் வளரும் என் பேத்திக்குத் தமிழ் எழுத்து சொல்லித் தருகிறேன். புதிதாக ஒரு புளூடூத் ஹெட்செட் வாங்கி மாட்டிக்கொண்ட அன்று, "தாத்தா, கிணத்துக்குள்ளேருந்து பேசற மாதிரி இருக்கு" என்றாள். அவள் குரலும் எனக்குத் தெளிவாக இல்லை. 'ல'வா, 'ள'வா என்று மாறி மாறிக் கேட்டதிலேயே அன்றைய பாடம் முடிந்துவிட்டது.

ஹெட்செட்டைக் கடையில் திருப்பிக் கொடுக்கக் கிளம்பிவிட்டேன். ஆனால் ரயில்வே சிக்னல் பிரிவில் கற்ற பழக்கம் தடுத்தது. பழுது எங்கே என்று தெரியாமல் எந்தச் சாமானையும் மாற்றக் கூடாது. ஒரு முனையிலிருந்து வரிசையாகச் சோதித்து வர வேண்டும். அந்த வரிசை இதோ:

1. ஹெட்செட்டில் மின்னூட்டம் உண்டா? அது ஏற்கெனவே உங்கள் கைப்பேசியுடன் இணைந்திருக்கிறதா? கைப்பேசியின் புளூடூத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

2. 'அமைப்புகள்' பகுதியில் 'ஒலி' என்பதைத் திறந்து, ஒலி வெளியாகும் கருவியாக ஹெட்செட் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். பல சமயம் கணினி தன் சொந்த ஒலிபெருக்கியையே பிடித்துக்கொண்டிருக்கும்.

3. புளூடூத் பட்டியலிலிருந்து ஹெட்செட்டை நீக்கி, கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டு, மீண்டும் புதிதாக இணையுங்கள்.

4. இணைப்பு கிடைத்தும் ஒலிப் பட்டியலில் பெயரே வரவில்லையா? ஒலியைக் கையாளும் பைப்வயர் மென்பொருளுக்கு உரிய புளூடூத் பகுதி கணினியில் இல்லாதிருக்கலாம். உபுண்டு, டெபியன் வகைகளில் அதன் பெயர் லிப்ஸ்பா-0.2-புளூடூத். 22.10 பதிப்பு முதல் (2022) உபுண்டுவில் பைப்வயர்தான் இயல்பான ஒலி மென்பொருள்.

5. ஒலி விட்டு விட்டு வருகிறதா? புளூடூத்தும் வைஃபையும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கக் கூடியவை. வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். யுஎஸ்பி 3 கருவிகளும் இந்த அலைவரிசையில் இரைச்சல் எழுப்பும். அவற்றைச் சற்றுத் தள்ளி வையுங்கள்.

இத்தனையும் பார்த்தேன். என் ஹெட்செட்டில் பழுதே இல்லை! அப்படியானால் அந்தக் கிணற்றுக் குரல் எங்கிருந்து வந்தது?

இந்த ஹெட்செட்டுகளுக்கு இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று ஏ2டிபி. இதை அகலப் பாதை என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டுக் கேட்க ஏற்ற நல்ல தரம். ஆனால் ஒலி கணினியிலிருந்து காதுக்கு மட்டுமே போகும். மற்றது எச்எஃப்பி, அதாவது மீட்டர் பாதை. பேச்சு இரு பக்கமும் போகும். ஆனால் தரம் குறுகிவிடும். அகலப் பாதையில் ஒலி நொடிக்கு 44,100 அல்லது 48,000 முறை அளக்கப்படுகிறது. மீட்டர் பாதையில் அது 8,000 முறைதான். கொஞ்சம் மேம்பட்ட முறையில் 16,000. ஹெட்செட்டின் மைக்கை ஒரு செயலி கேட்டவுடன் கணினி தானாகவே மீட்டர் பாதைக்கு மாறிவிடுகிறது. அதனால்தான் இரு பக்கமும் குரல் கெட்டது.

தீர்வு எளிது. கேட்பதற்கு ஹெட்செட், பேசுவதற்கு மடிக்கணினியின் சொந்த மைக். 'ஒலி' அமைப்பில், ஒலி உள்ளே வரும் கருவியாகக் கணினி மைக்கைத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் பேசும் செயலியிலும் அதையே தேர்ந்தெடுங்கள். ஹெட்செட் பழையபடி ஏ2டிபிக்குத் திரும்பிவிடும். மின்விசிறியைக் குறைத்து, கணினிக்கு அருகில் உட்கார்ந்து பேசினால் போதும்.

மறு ஞாயிறு பேத்தி 'பழம்' என்றாள். அது 'பளம்' என்று தெளிவாகவே காதில் விழுந்தது. இனித் திருத்த வேண்டியது ஹெட்செட்டை அல்ல. அது தாத்தாவின் வேலை.