கடைக்கு ஏற்ற இடம்

நுழையும்முன்

பள்ளிக்கு வரும் வழியில் நாள்தோறும் எத்தனையோ கடைகளைக் கடந்து வருகிறோம். சில கடைகள் பல ஆண்டுகளாக ஒரே இடத்தில் நிலைத்திருக்கின்றன. வேறு சில, திறந்த ஆறு மாதத்திற்குள் மூடப்படுகின்றன. அங்கே புதிய பெயர்ப்பலகை தொங்குகிறது. பொருள் நல்லதாக இருந்தும், உழைப்பில் குறைவில்லாதிருந்தும் ஒரு கடை ஏன் மூடப்படுகிறது? பல வேளைகளில் அதற்கான காரணம், கடை திறப்பதற்கு முன்பே, இடம் தேடிய நாள்களிலேயே தோன்றிவிடுகிறது. சிறுவணிகர் தம் கடைக்குரிய இடத்தை எவ்வாறு தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

1. பழங்காலத்து அங்காடிகள்

வணிகத்திற்கு இடம் இன்றியமையாதது என்பதைப் பழந்தமிழர் நன்கு அறிந்திருந்தனர். சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரம், கடலை ஒட்டிய மருவூர்ப்பாக்கம், அதற்கு மேற்கே அமைந்த பட்டினப்பாக்கம் என இரு பகுதிகளை உடையது. இவ்விரண்டிற்கும் இடையே இருந்த மரச்சோலையில் நாளங்காடி கூடியது. இரு பகுதி மக்களும் எளிதில் வந்து சேரக்கூடிய பொதுவிடம் அது.

மதுரைக்காஞ்சி, மதுரை நகரின் நாளங்காடியையும் அல்லங்காடியையும் விளக்குகிறது. பகலில் நடப்பது நாளங்காடி; இரவில் நடப்பது அல்லங்காடி. ஒரே நகரில் பகலுக்கு ஓர் அங்காடியும் இரவுக்கு ஓர் அங்காடியும் இருந்தன. ஆகவே, மக்கள் எங்கே வருகிறார்கள் என்பதோடு, எப்பொழுது வருகிறார்கள் என்பதையும் வணிகர் கருத வேண்டும்.

2. சேர்ந்திருக்கும் கடைகள், தனித்திருக்கும் கடைகள்

பழைய தில்லியின் சாந்தினி சௌக் 17ஆம் நூற்றாண்டில், ஷாஜகான் காலத்தில் அமைந்த கடைவீதி. அதனைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒரே வகைக் கடைகள் வரிசையாக இருப்பதைக் காணலாம். காரி பாவ்லியில் மிளகாய், மஞ்சள், ஏலம் முதலிய நறுமணப் பொருள்கள். தரீபா கலானில் வெள்ளி நகைகள். நயீ சடக்கில் புத்தகங்கள்.

போட்டியாளர் அருகிலேயே கடை வைப்பது ஏன்? நகையையும் பட்டுப்புடவையையும் மக்கள் நாள்தோறும் வாங்குவதில்லை. வாங்கும்பொழுது நான்கு கடைகளில் பார்த்து, விலையை ஒப்பிட்டு வாங்க விரும்புகின்றனர். அதற்காகத் தொலைவிலிருந்தும் வருகின்றனர். எனவே, அத்தகைய கடைகள் சேர்ந்திருப்பது எல்லாருக்கும் நன்மை தருகிறது.

பால், கீரை, மாவு போன்றவை அவ்வாறல்ல. அவற்றை வாங்க எவரும் பத்துக் கல் தொலைவு செல்வதில்லை. வீட்டிற்கு அருகில், வழியிலேயே வாங்குகின்றனர். ஆகவே, அக்கடைகள் குடியிருப்புகளுக்கு இடையே பரவியிருக்கின்றன. விற்கும் பொருளின் இயல்பே இடத்தின் இயல்பை முடிவு செய்கிறது.

3. மூன்று இடங்கள்

இனி, தில்லியில் தமிழர் பலர் வாழும் ஒரு குடியிருப்பைக் கற்பனை செய்துகொள்வோம். தொகைகளும் கணக்கிற்காக எடுத்துக்கொண்டவையே.

அங்கே ஒரு குடும்பம் வாழ்கிறது. தந்தை ஓர் அலுவலக உணவகத்தில் சமையலராக இருந்தவர், அவ்வுணவகம் மூடப்பட்டுவிட்டது. தாய் நான்கு ஆண்டுகளாக வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து அக்கம்பக்கத்தாருக்கு விற்று வருகிறார். மகள் எட்டாம் வகுப்பில் படிக்கிறாள். குடும்பத்தின் முழுச் சேமிப்பும் 1,20,000 ரூபாய். அதனைக் கொண்டு மாவுக் கடை திறக்க எண்ணினர். பெரிய கிரைண்டர், குளிர்பதனப் பெட்டி, தராசு ஆகியவற்றிற்கு 70,000 ரூபாய் தேவைப்பட்டது.

மூன்று இடங்கள் கிடைத்தன. முதலாவது, மெட்ரோ நிலையத்தை ஒட்டிய முதன்மைச் சாலையில் இருந்தது. மாத வாடகை 24,000 ரூபாய். இரண்டாவது, குடியிருப்புக்குள் நுழையும் தெருமுனையில், பால் பூத்திற்கு அருகில் இருந்தது. வாடகை 9,000 ரூபாய். மூன்றாவது, ஒரு வீட்டின் தாழ்ந்த கீழ்த்தளம். வாடகை 6,000 ரூபாய். எல்லா இடத்திற்கும் மூன்று மாத வாடகையை முன்பணமாகக் கேட்டனர்.

தந்தைக்கு முதலாவது இடமே பிடித்திருந்தது.

"மெட்ரோவுக்கு வருகிற அத்தனை பேரும் நம் பெயர்ப்பலகையைப் பார்ப்பார்கள். இனி யாரிடமும் போய் வேலை கேட்டு நிற்க வேண்டியதில்லை" என்றார்.

அவருடைய மனவருத்தம் தாய்க்குப் புரிந்தது. ஆயினும், "பார்ப்பவர்கள் எல்லாரும் வாங்குவார்களா என்று தெரியவில்லையே. ஆழம் தெரியாமல் காலை விட வேண்டாம். நான்கு நாள் அங்கே நின்று பாருங்கள், பிறகு முன்பணம் கொடுக்கலாம்" என்றார்.

4. எண்ணிப் பார்த்தல்

தந்தையும் மகளும் ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு சென்றனர். வேலை நாளிலும் விடுமுறை நாளிலும், காலையில் ஒரு மணி நேரமும் மாலையில் ஒரு மணி நேரமும் நின்று எண்ணினர். மகள் ஏட்டில் இரண்டு கட்டங்கள் வரைந்தாள். ஒன்றில், கடந்து சென்றவர்கள். மற்றொன்றில், கையில் பையோடு வீடு திரும்பியவர்கள்.

வேலை நாள் காலையில் முதன்மைச் சாலையில் 640 பேர் சென்றனர். ஆனால், அனைவரும் அலுவலகத்திற்கு விரைந்தவர்கள். ஈரமான மாவுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு எவரும் வேலைக்குச் செல்வதில்லை. மாலையில் அவர்கள் வேறு வாயில் வழியாகச் சாலையின் மறுபுறத்தில் வெளியேறினர். நடுவே தடுப்புச் சுவர் இருந்தது. கடையின் பக்கம் வந்தவர்கள் 90 பேர். அவர்களுள் பையோடு வீடு திரும்பியவர்கள் 20 பேர்.

பால் பூத்தின் அருகில் மாலையில் 180 பேர் வந்தனர். அவர்களுள் 130 பேர் பையோடு வந்து, பாலும் காய்கறியும் வாங்கி வீடு திரும்பினர்.

மகள் ஏட்டைக் காட்டி, "அப்பா, இங்கே கூட்டம் குறைவுதான். ஆனால், எல்லாரும் நின்றுதான் போகிறார்கள்" என்றாள். தந்தை மறுமொழி கூறவில்லை. மறுநாள் மாலை தனியாகச் சென்று மீண்டும் ஒருமுறை எண்ணிவிட்டு வந்தார்.

மூன்றாவது இடத்தின் குறைந்த வாடகை அவர்களை ஈர்த்தது. ஆனால், அருகில் பழம் விற்கும் முதியவர் சுவரில் முழங்கால் உயரத்தில் இருந்த கறையைக் காட்டினார். மழைக்காலத்தில் சாக்கடை நிரம்பி அதுவரை நீர் ஏறுமாம். உப்பு விற்கப் போனால் மழை பெய்கிறது, மாவு விற்கப் போனால் காற்று அடிக்கிறது என்பது பழமொழி. மழையை நிறுத்த வணிகரால் இயலாது; மழைநீர் தேங்கும் இடத்தைத் தவிர்க்க இயலும்.

மேலும், அது குடியிருப்பு வீடு. அங்கே வணிகம் செய்ய இசைவு உண்டா என்பதற்கு வீட்டு உரிமையாளர் தெளிவாக விடை கூறவில்லை. 2006ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்ற ஆணையின்படி, தில்லியின் குடியிருப்புப் பகுதிகளில் விதிகளுக்குப் புறம்பாக நடந்த பல கடைகள் பூட்டி முத்திரையிடப்பட்டன. அதை நினைவிற்கொண்டு அவ்விடத்தைக் கைவிட்டனர்.

5. வாடகைக் கணக்கு

அரிசி, உளுந்து, மின்சாரம், பை ஆகியவற்றின் செலவு போக, ஒரு கிலோ மாவில் 15 ரூபாய் மிஞ்சும் எனத் தாய் கணக்கிட்டார். 24,000 ரூபாய் வாடகையை ஈட்ட மாதம் 1,600 கிலோ, அதாவது நாளுக்கு ஏறத்தாழ 53 கிலோ விற்க வேண்டும். 9,000 ரூபாய் வாடகைக்கு மாதம் 600 கிலோ, நாளுக்கு 20 கிலோ போதும்.

முன்பணத்திலும் பெரும் வேறுபாடு இருந்தது. முதல் இடத்திற்கு முன்பணம் 72,000 ரூபாய். பொருள்களுக்கான 70,000 ரூபாயைச் சேர்த்தால் 1,42,000 ரூபாய் ஆகும். சேமிப்புப் போதாது, 22,000 ரூபாய்க்கு நகையை அடகு வைக்க நேரும். இரண்டாம் இடத்திற்கு முன்பணம் 27,000 ரூபாய். மொத்தம் 97,000 ரூபாய் போக, 23,000 ரூபாய் கையில் இருக்கும்.

"பலகையைப் பார்க்க ஆயிரம் பேர் வேண்டாம். நாள்தோறும் அரைக் கிலோ வாங்க நாற்பது பேர் வந்தால் வாடகை வந்துவிடும்" என்றார் தாய். தந்தை இசைந்தார்.

தெருமுனைக் கடையில் காற்றுப் புகாத சிறிய உள்ளறை ஒன்றும் இருந்தது. தில்லியின் சனவரிக் குளிரில் மாவு எளிதில் புளிப்பதில்லை. அதனை மூடிய அறையில் கதகதப்பாக வைக்க வேண்டும். அதனால், அவ்வறை மிகவும் பயனுடையதாயிற்று.

வாடகை ஒப்பந்தம் 11 மாதத்திற்கு எழுதப்பட்டது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்பது 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். எனவே, 11 மாத ஒப்பந்தம் எங்கும் வழக்கத்தில் உள்ளது. அதன்பின் வாடகை எவ்வளவு உயரும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதும்படி தாய் கேட்டுக்கொண்டார்.

6. கடை திறந்தபின்

நவம்பரில் கடை திறந்தனர். முதல் மாதம் நாளுக்கு 14 கிலோ மட்டுமே விற்றது. டிசம்பரில் 13 கிலோ; சனவரியில் 16 கிலோ. மாதத்திற்கு 30 நாள் எனக் கொண்டால், மூன்று மாதத்தில் மிஞ்சிய தொகை 19,350 ரூபாய். கொடுக்க வேண்டிய வாடகை 27,000 ரூபாய். குறைந்த 7,650 ரூபாயைக் கையிருப்பிலிருந்து கொடுத்தனர். வீட்டுச் செலவிற்காகத் தந்தை காலை வேளைகளில் ஓர் இல்லத்தில் சமையல் வேலை செய்தார்.

முதன்மைச் சாலையில் கடை எடுத்து, இதே அளவு விற்றிருந்தால், மூன்று மாதத்தில் 52,650 ரூபாய் குறைந்திருக்கும். அதை ஈடுசெய்ய அவர்களிடம் ஒன்றும் இருந்திருக்காது.

குளிர் குறைந்தபின் விற்பனை ஏறியது. மார்ச்சு மாதத்தில் நாளுக்கு 36 கிலோ விற்றது. வாடகை போக 7,200 ரூபாய் மிஞ்சியது. அது பெருந்தொகை அன்று. ஆயினும், கடை நிலைத்துவிட்டது. தந்தை பெயர்ப்பலகையைத் தம் கையாலேயே தமிழிலும் இந்தியிலும் எழுதி மாட்டினார்.

7. கடையில்லா வணிகர்

வாடகை கொடுத்துக் கடை எடுக்க இயலாதவரும் இடத்தைத் தேர்ந்தே விற்கின்றனர். தில்லியில் மங்கள் பஜார், புத் பஜார் எனக் கிழமையின் பெயரால் வாரச்சந்தைகள் கூடுகின்றன. தள்ளுவண்டிக்காரர் பள்ளி விடும் நேரத்தையும் அலுவலகம் முடியும் நேரத்தையும் அறிந்து நிற்கின்றனர். அவர்களின் வாழ்வாதாரத்தைக் காக்க 2014ஆம் ஆண்டில் தெருவோர வணிகர் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டப்படி அமையும் நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டிற்குக் குறையாத உறுப்பினர்கள் தெருவோர வணிகராக இருத்தல் வேண்டும். தாம் நிற்கும் இடத்தைப் பற்றிப் பேச அவர்களுக்கும் உரிமை உண்டு.

சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்பர் பெரியோர். கண்ணைக் கவரும் இடத்தை விட, பொருள் தேவைப்படுவோர் அந்த வேளையில் கடந்து செல்லும் இடமும், விற்பனையால் தாங்கக்கூடிய வாடகையும் சிறுவணிகரைக் காக்கும்.

அருஞ்சொற்பொருள்

அங்காடி – கடைவீதி, சந்தை
அல் – இரவு
முன்பணம் – இடத்தை வாடகைக்கு எடுக்கும்பொழுது முதலில் கொடுக்கும் தொகை
கையிருப்பு – செலவு போகக் கையில் உள்ள பணம்
இசைவு – ஒப்புதல், அனுமதி
வாழ்வாதாரம் – பிழைப்பிற்கு அடிப்படையான தொழில்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. புகாரின் நாளங்காடி எங்கே கூடியது?
2. நகைக் கடைகள் ஒரே தெருவில் சேர்ந்திருப்பதன் காரணம் யாது?
3. மூன்றாவது இடத்தைக் குடும்பத்தார் கைவிட்டதற்கு இரண்டு காரணங்கள் கூறுக.

ஆ. பிரித்து எழுதுக.
1. நாளங்காடி 2. அல்லங்காடி 3. கையிருப்பு 4. தெருவோரம்

இ. கணக்கிட்டு எழுதுக.
தெருமுனைக் கடையின் வாடகை 10,500 ரூபாயாக உயர்ந்தால், வாடகையை ஈட்ட நாளுக்கு எத்தனை கிலோ மாவு விற்க வேண்டும்?

ஈ. சிந்தித்து எழுதுக.
தந்தை முதன்மைச் சாலைக் கடையை விரும்பியதற்கு வருமானம் மட்டுமே காரணமா? பத்து வரிகளில் எழுதுக.

உ. செயல்பாடு.
வீட்டிற்கு அருகில் உள்ள கடைக்காரர் ஒருவரிடம், "இந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்று கேட்க. அவர் வேறு மொழியில் விடை கூறினால், அதனைத் தமிழில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.